ஒப்ளீக் என்னும் பெயரடை: நேர், சாய்வு, சாரியை

1. முன்னுரை

நேரல்லாத தன்மையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகளுள் 'ஒப்ளீக்' என்பது மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஒருங்கே இடர்தருவதாகும். வடிவகணிதத்தில் அது சாய்ந்த கோட்டைச் சுட்டும். பேச்சைப் பற்றிக் கூறுமிடத்து, வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பாற் சொல்லுதலைச் சுட்டும். இலக்கணத்தில் எழுவாய் ஒழிந்த வேற்றுமைகளையும், அவ்வேற்றுமைகளின் உருபை ஏற்பதற்காகப் பெயர்ச்சொல் கொள்ளும் திரிந்த வடிவத்தையும் சுட்டும். இந்திய ஆங்கிலத்தில், வீட்டு எண்ணின் நடுவே இடப்படும் சாய்கோட்டை வாய்விட்டுப் படிக்கும் சொல்லாகவும் அது வழங்குகிறது.

இப்பொருள்கள் அனைத்தையும் இணைப்பது 'நேரிலிருந்து விலகியது' என்னும் பொதுக்கருத்தே. எக்காரணத்தால் விலகியது என்பதை அப்பெயரடை கூறுவதில்லை. தமிழில் நிலைமை வேறு. 'மறைமுகம்' என்று சொல்லும்போது மறைத்தல் விலகலுக்குக் காரணமாகிவிடுகிறது. 'அயற்கூற்று' என்னும்போது கூற்று பிறர் வாய்ப்பட்டது என்பது புலனாகிறது. 'சுற்றுவழி' என்பது நெடுமையைக் காட்டுகிறது. 'சாடை' என்பது பேசுவோன் உள்ளக்கிடக்கையைக் காட்டுகிறது. ஆங்கிலச் சொல் காரணத்தைச் சொல்லாது விட்டுவிட, தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் காரணத்தையும் உடன்கொண்டு வருகிறது. எனவே அப்பெயரடைக்கு ஒரே நிகரனை வைத்து எங்கும் ஆளுதல் மூலத்தில் இல்லாத பொருளைப் புகுத்துவதாக முடியும்.

இக்கருத்தை நிறுவ அப்பெயரடையின் இலக்கணப் பொருள் கடந்துவந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கிரேக்க, இலத்தீன் இலக்கணங்களில் தோன்றிய கருத்து தமிழிலக்கண எழுத்தில் எவ்வாறு புகுந்தது, தமிழ் மரபின் சாரியைக் கோட்பாட்டோடு அது எங்கே ஒத்தும் எங்கே வேறுபட்டும் நிற்கிறது என்பன முதலில் கூறப்படும். பின்னர், திராவிட மொழிகளும் இந்தோ-ஆரிய மொழிகளும் அருகருகே பேசப்படும் மும்பையின் கிங்ஸ் சர்க்கிள் பகுதியிலிருந்து சான்றுகள் எடுத்துக்காட்டப்படும். இறுதியில் மொழிபெயர்ப்புக்கு வேண்டிய முடிபுகள் தரப்படும்.

2. நேர் நின்றதும் சாய்ந்து விழுந்ததும்

வேற்றுமையைக் குறிக்கக் கிரேக்கர் ஆண்ட சொல் 'வீழ்ச்சி' என்னும் பொருளுடையது. அரிஸ்டாட்டில் எழுவாய் வடிவத்தையே பெயர் என்றார். ஏனைய வடிவங்களைப் பெயரின் வீழ்ச்சிகள் என்றார். பின்வந்த ஸ்டோயிக் சிந்தனையாளர் எழுவாயையும் வீழ்ச்சிகளுள் ஒன்றாக எண்ணினர். ஆயினும் அதனை 'நேர் வீழ்ச்சி' எனவும், மற்றவற்றைப் 'பக்கவாட்டு வீழ்ச்சி' எனவும் பிரித்தனர். எழுவாய் வீழ்ச்சியாகுமா ஆகாதா என்பது பற்றி இரு சாராரிடையே நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. நேராக நிற்கும் ஒன்று விழுந்தது எனப்படுதல் எவ்வாறு பொருந்தும் என்பதே அவ்வாதத்தின் மையம்.

உரோமர் இப்பாகுபாட்டை அப்படியே இலத்தீனில் பெயர்த்தனர். நேர் வேற்றுமை 'ரெக்டஸ்' ஆயிற்று; மற்றவை 'ஒப்ளீக்குவஸ்' ஆயின. அதே பெயரடை இலத்தீனில் மற்றோர் இலக்கணப் பொருளையும் பெற்றது. ஒருவர் கூறியதை மற்றொருவர் தம் வாக்கியத்தினுள் அடக்கிக் கூறும் கூற்று 'ஒராத்தியோ ஒப்ளீக்வா' எனப்பட்டது. ஆங்கிலப் பள்ளி இலக்கணம் இதனை 'இன்டைரக்ட்' என்னும் எளிய சொல்லால் வழங்க, தமிழ்ப் பள்ளி இலக்கணம் 'அயற்கூற்று' என்றது.

இந்த ஆக்கம் கருதத்தக்கது. சாய்வு, வளைவு, மறைவு என்பவற்றுள் எதனையும் அது கொள்ளவில்லை. கூற்று யாருடையது என்பதையே அடிப்படையாகக் கொண்டது. 'நான் நாளை வருவேன் என்றான்' என்பதற்கும் 'தான் மறுநாள் வருவதாகச் சொன்னான்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் மறைப்பு ஏதுமில்லை. பேசுவோன் நிற்கும் இடம் மட்டுமே மாறுகிறது. அதை உணர்ந்து அமைத்த சொல் அது.

இந்திய இலக்கண மரபில் நேர், சாய்வு என்னும் உருவகத்துக்கு இடமில்லை. பாணினீயத்தில் வேற்றுமைகள் எண்ணுப்பெயர் பெறுகின்றன. முதலாவது முதலாவதாக நிற்கிறதேயன்றி ஏனையவை அதிலிருந்து சாய்ந்தவை எனப்படவில்லை. தொல்காப்பியம் பெயர் என்னும் வேற்றுமையை முதலாக வைத்து வேற்றுமை ஏழு எனவும், விளியோடு கூட்டி எட்டு எனவும் வகுக்கிறது. கிரேக்கர் வாதிட்ட எழுவாயின் தகுதி பற்றிய வினாவுக்கு ஈண்டு எண்ணிக்கையே விடையாகிறது. வேற்றுமை என்னும் சொல்லும் பொருளை வேறுபடுத்தல் என்பதைக் காட்டுகிறதே ஒழிய வீழ்ச்சியைக் காட்டவில்லை.

3. தமிழிலக்கண எழுத்தில் புகுந்த வழி

ஐரோப்பியர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்கள் இலத்தீன் சட்டகத்தோடு வந்தன. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் ஹென்றீக் ஹென்றீக்கஸ் போர்ச்சுக்கீசிய மொழியில் எழுதிய தமிழிலக்கணமும், 1716இல் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்கின் இலத்தீன் நூலும் இவ்வகையின. வீரமாமுனிவர் 1728இல் இலத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. இவற்றைப் படித்தோர் இலத்தீன் வேற்றுமை வாய்பாடுகளை இளமையிலேயே மனனம் செய்தவர்கள். நேர் வடிவம் ஒன்று, சாய்ந்த வடிவங்கள் பல என்னும் எண்ணம் அவர்களுக்கு விளக்கம் வேண்டாத ஒன்று.

வீரமாமுனிவரே தமிழில் எழுதிய தொன்னூல் விளக்கம் ஐந்திலக்கண மரபைப் பின்பற்றியது. ஒரே ஆசிரியர் ஐரோப்பிய மாணாக்கருக்கு ஒரு சட்டகத்திலும் தமிழ் கற்றோருக்கு மற்றொரு சட்டகத்திலும் எழுதினார் என்பது நோக்கத்தக்கது. கலைச்சொல் பொருளால் மட்டும் தேர்வதன்று. படிப்போரின் பயிற்சியும் அதனைத் தீர்மானிக்கிறது.

1856இல் வெளிவந்து 1875இல் விரிவாக்கம் பெற்ற கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம், தமிழ் அத்து, இன் முதலியவற்றை ஏனைத் திராவிட மொழிகளின் இடைவடிவங்களோடு ஒப்பிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரியர்சன் நெறிப்படுத்திய இந்திய மொழி அளவாய்வு, ஆரிய மொழியாயினும் திராவிட மொழியாயினும் பெயரின் இவ்வடிவத்துக்கு ஒப்ளீக் என்னும் ஒரே தலைப்பைப் பயன்படுத்தியது. 1989இல் வெளிவந்த தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கணம் உள்ளிட்ட ஆங்கில விளக்க இலக்கணங்களிலும் இதுவே நிலைத்தது. இவ்வாறு இலத்தீனில் வேற்றுமைகளின் தொகுதியைக் குறித்த பெயரடை, இந்திய மொழிகளைப் பற்றிய எழுத்தில் உருபை ஏற்கும் அடிவடிவத்தைக் குறிக்கும் பெயராக மாறியது. இப்பொருள் மாற்றம் பெரும்பாலும் கவனிக்கப்படாமற் போகிறது. இலத்தீனில் 'ஒப்ளீக்' என்பது நிறைவு பெற்ற வேற்றுமைச் சொல். தமிழில் 'மரத்து' என்பதோ உருபை எதிர்நோக்கி நிற்கும் வடிவம். 'மரத்துக் கிளை' என உருபின்றி அடையாய் வரும்போது மட்டுமே தனித்து நிற்பது.

4. சாரியை காட்டும் பார்வை

ஆங்கில விளக்க இலக்கணம் 'மரத்து', 'வீட்டு', 'ஆற்று', 'என்', 'அவற்று' என்னும் ஐந்தையும் ஒரே வகையில் அடக்கும். அனைத்தும் ஒப்ளீக் வடிவங்கள். தமிழ் மரபு இவற்றைப் பிரித்தே காண்கிறது. மரத்தை என்பதில் மகர ஈறு அத்துச் சாரியை பெற்றது. வீட்டை, ஆற்றை என்பவற்றில் குற்றியலுகர ஈற்றின் ஒற்று இரட்டித்தது. யான் என்பது என் எனத் திரிந்தது. அவை என்பது வற்றுச் சாரியை பெற்றது. ஒரு பயனைச் செய்யும் வடிவங்களை ஒருங்கு நோக்குதல் முன்னையதன் சிறப்பு. ஒவ்வொன்றும் எவ்வாறு உருவாகிறது என்பதைத் தனித்தனியே கூறுதல் பின்னையதன் சிறப்பு.

தொல்காப்பியம் புணரியலில் இன், வற்று, அத்து, அம், ஒன், ஆன், அக்கு, இக்கு, அன் என ஒன்பது சாரியைகளைப் பெயர்சுட்டுகிறது. நன்னூல் பொதுச்சாரியை பதினேழு என்கிறது. சாரியை வருதலும், வாராது ஒழிதலும், இருவகையாகவும் ஆதலும் உண்டு எனவும், ஓரிடத்தில் ஒன்றாகவும் பலவாகவும் வரலாம் எனவும் நன்னூல் கூறுவது இன்றைய மொழியியலாருக்கும் பயன்படும் கருத்தாகும். 'மரத்தை' என்பதில் அத்து மட்டும் உண்டு. 'மரத்தினை' என்பதில் அத்தும் இன்னும் உண்டு. ஒப்ளீக் அடி ஒன்றே எனக் கொள்வோர் 'மரத்து' என்பதோடு 'மரத்தின்' என்னும் இரண்டாம் அடியையும் ஏற்க வேண்டியவராவர். சாரியை ஒன்றும் பலவும் வரும் என்று கொள்வோர்க்கு இவ்விடர் இல்லை.

அன்றியும், 'மரக்கிளை' என்னும் தொகையில் ஆறாம் வேற்றுமைப் பொருள் உண்டு, அத்து இல்லை. 'மரத்துக்கிளை' என்பதில் இரண்டும் உண்டு. ஆகவே எழுவாயல்லாத பொருள் தோன்றுமிடமெல்லாம் சாய்ந்த வடிவம் தோன்றும் என்பது தமிழுக்குப் பொருந்தாது.

கன்னடம் இதனை மேலும் தெளிவாக்குகிறது. 'மர' என்னும் சொல் ஆறாம் வேற்றுமையில் 'மரத' எனவும், ஏழாம் வேற்றுமையில் 'மரதல்லி' எனவும் தகரம் பெறும். இரண்டாம் வேற்றுமையில் 'மரவன்னு', நான்காம் வேற்றுமையில் 'மரக்கெ' என அத்தகரம் வாராது. உருபுக்கு உருபு இடைவடிவம் மாறும் இம்மொழியில், எல்லா வேற்றுமைக்கும் பொதுவான ஒரு சாய்ந்த அடி இருப்பதாகக் கொள்வது வலிந்து கொள்வதாகும். 'வருதலும் தவிர்தலும்' என்னும் நோக்கே அதற்கு இயைவது.

சாரியை என்பதற்குச் சார்ந்து இயைவது என மரபு பொருள் கூறும். சாய்வு வேறு, சார்வு வேறு. சாய்ந்தது தன் நேர்நிலையை இழந்தது. சார்ந்ததோ மற்றொன்றோடு பொருந்தியது. இலத்தீன் மரபு எழுவாயினின்று பெயர் எவ்வளவு விலகியது என்று பார்த்தது. தமிழ் மரபு பெயரும் உருபும் எவ்வாறு இயைகின்றன என்று பார்த்தது. நிகழ்ச்சி ஒன்றாயினும் நோக்கு இரண்டு.

5. கிங்ஸ் சர்க்கிள் தரும் சான்று

இவ்விரு நோக்குகளும் நூலளவில் நிற்பவையல்ல என்பதற்கு மும்பையின் மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர்ப் பகுதிகள் சான்றாகும். 1896இல் பரவிய கொள்ளைநோயை அடுத்து 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அது வகுத்த தாதர்–மாட்டுங்கா விரிவாக்கத்தில் திட்டமிட்ட சாலைகளும் குடியிருப்புகளும் எழுந்தன. அச்சாலைகள் கூடுமிடத்தில் அமைந்த வட்டமே கிங்ஸ் சர்க்கிள். அதன் நடுவிலுள்ள பூங்கா இன்று மகேஸ்வரி உத்யான் எனப் பெயர் பெற்றுள்ளது. தென்னிந்தியர் பெருமளவில் குடியேறிய இச்சூழலில் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பின்னர்ச் சண்முகானந்தா அரங்கமும் அருகே எழுந்தது. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியன மராட்டி, குஜராத்தி, கொங்கணி, இந்தி ஆகியவற்றோடு நாள்தோறும் கலந்து ஒலிக்கும் இடம் இது.

பெயர் உருபேற்கும்போது திரிதல் இம்மொழிகளுக்குப் பொதுவான பண்பு. மராட்டியில் 'கோடா' (குதிரை) என்பது 'கோட்யாலா' எனவும், 'கர்' (வீடு) என்பது 'கராத்' எனவும் ஆகும். மாட்டுங்கா என்னும் ஊர்ப்பெயரே 'மாட்டுங்க்யாத்' (மாட்டுங்காவில்) எனத் திரிகிறது. இந்தியில் 'லட்கா' (சிறுவன்) என்பது 'லட்கே கோ' எனத் திரியும். தெலுங்கில் 'இல்லு' (வீடு) 'இண்டிகி' எனத் திரியும். மலையாளத்தில் 'மரம்' என்பது 'மரத்தில்' ஆகும். இது தமிழோடு முற்றும் ஒப்பது.

இத்திரிபுக்கு ஒவ்வொரு மரபும் வெவ்வேறு பெயரிட்டுள்ளது. இந்தி மொழியியல் நூல்கள் எழுவாய் வடிவத்தை 'ருஜு' எனவும், மற்றதைத் 'திர்யக்' எனவும் கூறும். நேர், சாய்வு என்னும் இலத்தீன் இணையின் நேர்ப்பெயர்ப்பு இது. மராட்டிப் பள்ளி இலக்கணம் 'சாமான்ய ரூப்' என்னும். உருபுகள் அனைத்துக்கும் பொதுவாய் அமைந்த வடிவம் என்பது அதன் கருத்து. தாதோபா பாண்டுரங்க் தர்க்கட்கர் 1836இல் மராட்டி இலக்கணத்தை வெளியிட்டதும், மோரோ கேசவ் தாம்லே 1911இல் விரிவான இலக்கணத்தை வெளியிட்டதும் அம்மரபின் வளர்ச்சிப் படிகளாகும். தமிழ் 'சாரியை' என்னும். ஆக, ஒரே நிகழ்ச்சி ஒரு மொழியார்க்குச் சாய்ந்தது. இன்னொரு மொழியார்க்குப் பொதுவானது. மற்றொரு மொழியார்க்குச் சார்ந்து இயைந்தது.

மராட்டியில் ஏறத்தாழ எல்லா உருபுக்கும் ஒரே அடிவடிவம் வருதலின் 'பொது வடிவம்' என்பது அம்மொழிக்கு நன்கு பொருந்துகிறது. உருபுதோறும் மாறும் கன்னடத்துக்கு அப்பெயர் பொருந்தாது. ஒரு மொழியின் அமைப்பை நோக்கி இட்ட பெயரை மற்றொரு மொழிக்குப் பெயர்த்து வைத்தல் எத்துணை இடரானது என்பதற்கு இதுவே போதிய சான்று.

கடன்சொற்கள் இவ்விதிகளின் உயிர்ப்பை அளக்கும் கோல்களாகும். மராட்டியில் மேசை என்னும் பொருளுள்ள ஆங்கிலக் கடன்சொல் 'டேபலாவர்' எனத் திரிந்தும் 'டேபல்வர்' எனத் திரியாதும் வழங்குகிறது. இந்தியில் 'ஆக்ரே ஸே' என்ற பழைய வழக்குக்கு இடையே 'ஆக்ரா ஸே' என்ற திரியா வழக்கு பெருகியுள்ளது. தமிழில் அம் என முடியும் கடன்சொற்கள் தயக்கமின்றி அத்துப் பெறுகின்றன. கிங்ஸ் சர்க்கிள் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர் 'பிளாட்பாரத்தில்' நிற்கிறார். கச்சேரிக்குச் செல்பவர் 'ஆடிட்டோரியத்தில்' அமர்கிறார். ஆனால் அவர் தங்குவது 'ரூமில்', 'ரூத்தில்' அன்று. ஓரசைச் சொல்லில் நெடில் முன் நிற்கும் மகரம் அத்துப் பெறுவதில்லை. மகாராஷ்டிரம் என்று எழுதுவோர் 'மகாராஷ்டிரத்தில்' என்பர். மகாராஷ்டிரா என்று எழுதுவோர் 'மகாராஷ்டிராவில்' என்பர். பூங்காவை 'உத்யான்' என்றால் 'உத்யானில்'. 'உத்தியானம்' என்றால் 'உத்தியானத்தில்'. சாரியை ஏற்பது பெயரின் பொருளாலோ பிறப்பாலோ அமைவதன்று; ஈற்றின் ஒலியாலும் சொல்லின் அளவாலும் அமைவது என்பதை இவை காட்டுகின்றன.

இதனால் விளையும் கல்விப் பயனும் உண்டு. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்திவருகிறது. மராட்டியைக் கட்டாயப் பாடமாக்கும் மாநிலச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டது. தாராவித் தமிழ்க் குழந்தை மராட்டி வகுப்பில் 'சாமான்ய ரூப்' என்பதையும், இந்தி இலக்கணத்தில் 'திர்யக்' என்பதையும், ஆங்கிலத்தில் 'ஒப்ளீக்' என்பதையும் தனித்தனிச் சுமைகளாக எதிர்கொள்கிறது. 'மரம்' 'மரத்தை' ஆவதுபோல் 'கோடா' 'கோட்யாலா' ஆகிறது என்று ஆசிரியர் காட்டினால், புதியதாகத் தோன்றியது தன் வாயில் முன்பே பயின்றது எனக் குழந்தை உணரும். 'சாய்ந்த வேற்றுமை' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கொடுத்தால் அவ்வுணர்வு தோன்ற வழியில்லை.

6. மறைமுகம் என்னும் நிகரனின் இடர்

இலக்கணத்தில் கண்ட இவ்விடர் பொதுவழக்கில் இன்னும் மிகுதி. ஒப்ளீக், இன்டைரக்ட் ஆகிய இரு பெயரடைகளுக்கும் இன்று 'மறைமுக' என்பதே கைக்கெட்டும் நிகரன். அது மறைத்தலையும் முகத்தையும் கொண்ட சொல். மறைப்பே இல்லாத இடத்தும் அதனை ஆள்வதால் பொருள் திரிகிறது.

தேர்தல் சொல்லாட்சி இதற்கு நல்ல சான்று. வாக்காளர் தாமே பிரதிநிதியைத் தேர்வது நேரடித் தேர்தல். தேர்ந்தெடுக்கப்பட்டோர் கூடி மற்றொருவரைத் தேர்வது மறைமுகத் தேர்தல் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சு 4ஆம் நாள் மாநகராட்சி மேயர்கள் இம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டபோது நாளிதழ்கள் இச்சொல்லையே ஆண்டன. வாக்கு இரகசியமானதா வெளிப்படையானதா என்பது முற்றிலும் வேறு வினா. மக்களவைத் தேர்தல் நேரடியானது, வாக்கு இரகசியமானது. குடியரசுத் தலைவர் தேர்தல் நேரல்லாதது; அங்கும் வாக்கு இரகசியமானது. மாநிலங்களவைக்குச் சட்டமன்ற உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் தேர்தலும் நேரல்லாததே. ஆனால் 2003ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் வாக்கு திறந்த முறையில் அளிக்கப்படுகிறது. இதனை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்றது. கட்சி உறுப்பினர் தம் வாக்குச்சீட்டைத் தம் கட்சியின் முகவருக்குக் காட்டியே அளிக்க வேண்டிய தேர்தலை 'மறைமுகத் தேர்தல்' என்று தமிழில் படிப்பவர், வாக்கு மறைவாக அளிக்கப்பட்டதெனக் கருதினால் பிழை படிப்பவரிடத்து இல்லை, கலைச்சொல்லிடத்தே உள்ளது. 'இடைநிலைத் தேர்தல்', 'வழித்தேர்தல்' போன்ற ஆக்கங்கள் எண்ணிப் பார்க்கத்தக்கன.

'மறைமுக வரி'யும் இத்தகையதே. வரியைச் செலுத்துபவர் ஒருவர், சுமப்பவர் மற்றொருவர் என்பதே இங்கு விலகலின் காரணம். 2017 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரி, கிங்ஸ் சர்க்கிள் உணவகம் தரும் சீட்டிலும் மத்திய வரி, மாநில வரி எனத் தனித்தனி வரியில் அச்சிடப்பட்டு வருகிறது. முகம் மறையாத வரிக்கு மறைமுகம் பெயராயிற்று. இச்சொல் வேரூன்றிவிட்டமையின் மாற்றுதல் அரிது. ஆயினும் புதிய துறைகளில் 'இன்டைரக்ட்' வருமிடமெல்லாம் 'மறைமுக' எனத் தொடர்வதை இச்சான்று தடுக்க வேண்டும்.

7. மொழிபெயர்ப்பில் கையாளும் நெறி

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு நெறி பெறப்படும். ஒப்ளீக் என்னும் பெயரடையைக் கண்டவிடத்து முதலில் வினவத்தக்கன இரண்டு: இங்கு நேர் எனக் கொள்ளப்பட்டது எது? அதிலிருந்து விலகியது எதனால்?

வடிவத்தால் விலகியதாயின் 'சாய்ந்த', 'சரிந்த' என்பன அமையும். கூறுவோர் மாறியதால் விலகியதாயின் 'அயற்கூற்று' உண்டு. உருபேற்கும் பெயர் வடிவமாயின், பல மொழிகளை ஒப்பிடும் எழுத்தில் 'உருபேற்கும் வடிவம்' என விளக்கமாகக் கூறலாம். தமிழை மட்டும் கூறும் எழுத்தில் சாரியை, இரட்டல், திரிதல் என உரிய பெயரால் கூறுவதே தெளிவு. வழி நெடிதானதாயின் 'சுற்றுவழி' எனலாம். எனினும் 'சுற்றிவளைத்து' என்பது தமிழில் குற்றச்சாட்டின் தொனி உடையது என்பதை மறத்தலாகாது. வட்டச் சாலையில் செல்லும் வண்டிக்குச் சுற்றுதலே ஒழுங்கு. குறுக்கே செல்லுதலே குற்றம்.

பேச்சைப் பற்றியதாயின் மேலும் நுண்மை வேண்டும். ஓர் அரசியலாளர் மற்றொருவரை ஒப்ளீக் முறையில் குறிப்பிட்டார் எனின், பெரும்பாலும் பெயரைச் சொல்லாது குறிப்பிட்டார் என்பதே பொருள். 'பெயர் சுட்டாமல்' என்பது அதற்கு நேர். பொருளைச் சொல்லாது உணர்த்தினார் எனின் 'குறிப்பால்' எனலாம்; பகையோடு உணர்த்தினார் எனின் 'சாடையாக' எனலாம். உண்மையை ஒளித்தார் என்பது மூலத்தின் கருத்தாயின் மட்டுமே 'மறைமுகமாக' என்பது ஏற்கும். தொல்காப்பியம் பொருள் வெளிப்படையாகத் தோன்றுதலையும் குறிப்பால் தோன்றுதலையும் சொற்பொருளின் இரு நிலைகளாகவே வைக்கிறது. குறிப்பு அங்கு குறைபாடன்று.

மதிப்பீடு தலைகீழாகும் இடமும் உண்டு. ஆங்கிலத்தில் ஒப்ளீக் பார்வை என்பது ஐயத்தையோ வெறுப்பையோ காட்டக்கூடும். தமிழில் 'ஓரப்பார்வை' ஓரளவு அதற்கு இயையும். ஆனால் 'கடைக்கண்' அருளுக்கும் காதலுக்கும் உரிய சொல். வடமொழி அணியியலில் குந்தகர் 'வக்ரோக்தி' என்னும் வளைந்த கூற்றையே காவியத்தின் உயிராகக் கொண்டார். அதனை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் ஒப்ளீக் என்னும் சொல்லை ஆள்வதும் உண்டு. அச்சொல்லை மீண்டும் தமிழில் பெயர்க்கும்போது 'மறைமுகக் கூற்று' என்றால் ஒரு கோட்பாடே சிதைந்துவிடும்.

8. முடிவுரை

ஒப்ளீக் என்னும் பெயரடை தன்னளவில் நிறைவு பெறாத சொல். நேர் ஒன்றை முன்வைத்தே அது பொருள் தருகிறது. கிரேக்க, இலத்தீன் மரபுகள் எழுவாயை நேராக நிறுத்தியதால் ஏனைய வேற்றுமைகள் அங்குச் சாய்ந்தவையாயின. எழுவாயை முதலாவதாக எண்ணிய தமிழ் மரபில் அவை சாயவில்லை. பெயரும் உருபும் சாரியையால் இயைந்தன. கிங்ஸ் சர்க்கிளில் அருகருகே வழங்கும் மொழிகள் இந்நிகழ்ச்சிக்கு வெவ்வேறு பெயரிட்டமை, நேர் என்பது மொழிகளுக்குப் பொதுவாக வரையப்பட்ட கோடு அன்று என்பதை உறுதிசெய்கிறது.

காரணம் கூறாத ஒரு சொல்லுக்குக் காரணம் கூறும் சொற்கள் பலவற்றை வைத்திருப்பது தமிழின் குறையன்று. அப்பெயரடை வருமிடந்தோறும் விலகலின் காரணத்தைத் தேர்ந்து சொல்ல வேண்டிய பொறுப்பை அது மொழிபெயர்ப்பாளருக்குத் தருகிறது. அப்பொறுப்பைத் தவிர்த்து 'மறைமுக' என்னும் ஒன்றையே எங்கும் இடுவதால், தேர்தலிலும் வரியிலும் நேர்ந்ததுபோல், மூலத்தில் இல்லாத மறைப்பு தமிழில் புகுகிறது. கலைச்சொல் தொகுப்போர் இப்பெயரடையின் கீழ் ஒரு நிகரனைத் தருவதை விடுத்து, துறைதோறும் விலகலின் காரணத்தைச் சுட்டிப் பல நிகரன்களைத் தருதல் வேண்டும்.